எழுதப்படாத நூலின் விலை

நியூயார்க்கிலோ லண்டனிலோ புதிதாக ஒருவர் நாவல் எழுதினால், கடைசி வரிவரை முடித்த பிரதி கையில் இருந்தால்தான் இலக்கிய முகவர்கள் அவரிடம் பேசுவார்கள். அபுனைவு எழுதுகிறவருக்கு இந்த விதி தலைகீழ். அவர் நூலை எழுதும் முன்பே விற்றாக வேண்டும். முப்பது, நாற்பது, சிலசமயம் எழுபது பக்கத்துக்கு ஒரு ‘புரொபோசல்’, அதாவது முன்வரைவு, தயாரிக்கிறார். முகவருக்கு ஒரு பக்கக் கடிதம் போடுகிறார். முகவர் ஆர்வம் காட்டினால் அந்த முன்வரைவு இருவர் கையிலும் பல மாதம் அடிபட்டுத் திருந்தி, பிறகு பதிப்பாசிரியர்களின் மேசைக்குப் போகிறது. இரண்டு மூன்று பதிப்பகங்களுக்கு ஒரே நேரத்தில் பிடித்துவிட்டால் ஏலம். கற்பனையை எழுதுகிறவர் சரக்கைக் காட்ட வேண்டும், உண்மையை எழுதுகிறவர் வாக்குறுதியைக் காட்டினால் போதும் என்ற இந்த ஏற்பாட்டின் விநோதம் அங்கே யாருக்கும் உறைப்பதாகத் தெரியவில்லை.

காரணம் பணம்தான். நாவலை வீட்டு மேசையில் எழுதலாம். ஓர் அணையைப் பற்றியோ ஒரு நோயைப் பற்றியோ ஒரு கொலை வழக்கைப் பற்றியோ எழுத ஊர் ஊராகப் போக வேண்டும். ஆவணக்காப்பகத்தில் கிடக்க வேண்டும். பேச மறுப்பவரின் வாசலில் மூன்றாம் முறையும் போய் நிற்க வேண்டும். அந்த நாட்களுக்குச் சோறு யார் போடுவது? முன்பணம் போடுகிறது. அதுவும் மொத்தமாக வருவதில்லை. ஒப்பந்தம் கையெழுத்தானதும் ஒரு பங்கு, பிரதியைக் கொடுத்ததும் ஒரு பங்கு, நூல் வெளியானதும் ஒரு பங்கு என்று பிரித்துத்தான் வரும். ஒவ்வொரு பங்கிலும் முகவருக்கு நூற்றுக்குப் பதினைந்து. ஒழுங்கான முகவர் இதைத் தவிர எழுத்தாளரிடம் ஒரு காசு வாங்குவதில்லை. ‘உங்கள் பிரதியைப் படிக்க இவ்வளவு கட்டணம்’ என்று எவராவது கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

முன்வரைவில் என்ன இருக்க வேண்டும் என்று சொல்லித்தர அங்கே ஓர் அலமாரி நிறையக் கையேடுகள் உண்டு. நூலின் சாரம், எழுதுகிறவர் யார், யார் வாங்குவார்கள், அத்தியாயவாரியான சுருக்கம், ஒன்றிரண்டு மாதிரி அத்தியாயங்கள். இவற்றில் மாதிரி அத்தியாயம் நேர்மையான பகுதி; எழுதத் தெரியுமா தெரியாதா என்பது அங்கே வெளிச்சமாகிவிடும். ‘ஒப்பிடத்தக்க நூல்கள்’ என்ற பகுதி ஒரு வேடிக்கை. கடந்த மூன்று நான்கு ஆண்டுகளில் நன்றாக விற்ற, உங்கள் நூலின் சாயல் கொண்ட சில நூல்களை அதில் குறிப்பிட வேண்டும். இப்படி ஒரு நூல் இதுவரை வந்ததே இல்லை என்று எழுதினால் முகவர் முகம் சுளிப்பார். அப்படியானால் வாங்குவதற்கு ஆளும் இல்லை என்பது அவர் கணக்கு. இதைப் போலவே ஏற்கெனவே ஒன்று வந்திருக்கிறது என்றாலும் சுளிப்பார். முன்னுதாரணம் உள்ள புதுமை வேண்டும். கல்யாணத் தரகரிடம் ஜாதகத்தை நீட்டும்போது பையன் எல்லாரையும் போலவும் இருக்க வேண்டும், எவனையும் போல இல்லாமலும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்களே, அந்த மாதிரி.

ஆனால் முன்வரைவு முழுவதையும் தாங்கி நிற்பவை வேறு இரண்டு கேள்விகள். ஏன் நீங்கள்? ஏன் இப்போது? முதல் கேள்வியில் நியாயம் உண்டு. இந்த விஷயத்துக்கும் உங்களுக்கும் என்ன உறவு, யாருக்கும் திறக்காத எந்தக் கதவு உங்களுக்குத் திறக்கும் என்று கேட்பது சரிதான். அண்மைக் காலத்தில் அந்தக் கேள்வி சுருங்கி, உங்களைச் சமூக ஊடகத்தில் எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்று ஆகிவிட்டது வேறு கதை. இரண்டாம் கேள்வியில்தான் எனக்கு நம்பிக்கையே இல்லை. முன்வரைவு விற்று, ஆய்வு முடிந்து, எழுதி, திருத்தி, அச்சாகி வெளிவர மூன்றாண்டாகலாம், பத்தாண்டும் ஆகலாம். அந்த ‘இப்போது’ அப்போது எங்கே இருக்கும்?

இந்தக் கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டு ராபர்ட் கேரோவின் கதையைப் பார்க்கிறேன். அபுனைவு நூலை விற்பது பற்றி யோசிக்கும்போதெல்லாம் அவரிடம்தான் திரும்பி வருகிறேன்.

கேரோ 1960களின் தொடக்கத்தில் லாங் ஐலண்டிலிருந்து வெளிவந்த ‘நியூஸ்டே’ நாளிதழின் நிருபர். ரை என்ற ஊரிலிருந்து ஆய்ஸ்டர் பே வரை கடலின் குறுக்கே ஒரு பாலம் கட்டும் திட்டம் வந்தது. அது எவ்வளவு மோசமான திட்டம் என்று கேரோ விவரமாக எழுதினார். மாநிலத் தலைநகர் ஆல்பனிக்குப் போய் அரசியல்வாதிகளையும் பார்த்தார். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள், பாலம் செத்தது என்று நிம்மதியாகத் திரும்பினார். பிறகு ராபர்ட் மோசஸ் ஆல்பனிக்கு வந்து போனார். சட்டமன்றம் பாலத்துக்கு ஆதரவாகப் பெருவாரியாக வாக்களித்தது. மோசஸ் நியூயார்க்கின் பூங்காக்களையும் பாலங்களையும் நெடுஞ்சாலைகளையும் கட்டியவர். 44 ஆண்டுகள் அதிகாரத்தில் இருந்தவர். எந்தப் பதவிக்கும் மக்களால் தேர்ந்தெடுக்கப்படாதவர். ஒரே ஒரு முறை, 1934இல், ஆளுநர் தேர்தலில் நின்று படுதோல்வி அடைந்தவர். ஜனநாயகத்தில் அதிகாரம் வாக்குப்பெட்டியிலிருந்து வருகிறது என்று நம்பி எழுதிக்கொண்டிருந்த நிருபருக்கு, தான் இதுவரை எழுதியது எல்லாமே உண்மைக்குப் பக்கத்தில்கூட இல்லை என்று பட்டது.

அதன்பின் ஹார்வர்டில் பத்திரிகையாளர்களுக்கான ஓராண்டு நீமன் நல்கை. நகரத் திட்டமிடல் வகுப்பு ஒன்றில் நெடுஞ்சாலைகள் எங்கே அமைகின்றன என்பதற்குப் பேராசிரியர்கள் கரும்பலகையில் சமன்பாடு எழுதுகிறார்கள். மக்கள்தொகை அடர்த்தி, போக்குவரத்து, நிலத்தின் சாய்வு. குறிப்பெடுத்துக்கொண்டிருந்த கேரோவுக்கு இது அத்தனையும் தவறு என்று தோன்றுகிறது. சாலை அங்கே போவதற்குக் காரணம், அது அங்கே போக வேண்டும் என்று ராபர்ட் மோசஸ் விரும்பியது. அந்த மனிதருக்கு அந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று தனக்கும் தெரியாது, வேறு யாருக்கும் தெரியாது.

ஒரு முன்வரைவுக்குத் தேவையானது இவ்வளவுதான் என்று நினைக்கிறேன். பதில் கைவசம் இருக்க வேண்டியதில்லை. கேள்வி இருக்க வேண்டும்; அது கேட்கிறவரைத் தூங்கவிடாததாக இருக்க வேண்டும்.

கேரோ தன் திட்டத்தை எழுதிக் கொடுத்தார். சைமன் அண்ட் ஷுஸ்டர் பதிப்பகம் ஒப்பந்தம் போட்டது. முன்பணம் 5,000 டாலர். கையில் தந்தது 2,500. அப்போது அவருக்கு முகவர் கிடையாது. நூலை ஒன்பது மாதத்தில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார். கார்னகி நல்கை ஒன்றும் ஓராண்டுக்குக் கிடைத்தது. ஆக, மூன்று மாதம் மிச்சம்.

ஏழு ஆண்டுகள் ஆயின. 522 பேட்டிகள். மோசஸே ஏழு முறை பேசினார். கேள்விகள் இக்கட்டான இடத்தைத் தொட்டதும் கதவைச் சாத்திக்கொண்டார். பணம் கரைந்தது. ஒருநாள் வீட்டுக்கு வந்தபோது மனைவி ஐனா, வீட்டை விற்றுவிட்டேன் என்றார். லாங் ஐலண்ட் வீட்டை விட்டு பிராங்க்ஸில் ஓர் அடுக்குமாடிக்குக் குடிபோனார்கள். அந்த விற்பனை அவர்களுக்கு இன்னோர் ஆண்டை வாங்கிக் கொடுத்தது. ஆய்விலும் அவருக்குக் கூட இருந்து உதவியவர் ஐனா மட்டும்தான்.

நியூயார்க் பொது நூலகத்தின் 42ஆம் தெரு கட்டடத்தில் ஃபிரெடரிக் லூயிஸ் ஆலன் பெயரில் எழுத்தாளர்களுக்கு ஓர் அறை உண்டு. ஒப்பந்தம் கையில் உள்ள சிலருக்கு மட்டும் அப்போது சாவி கொடுத்தார்கள். கேரோவுக்கு அங்கே ஒரு மேசை கிடைத்தது. ஒருநாள் ஜார்ஜ் வாஷிங்டனின் வரலாற்றை எழுதிய ஜேம்ஸ் ஃபிளெக்ஸ்னர் அவர் மேசைக்கு வந்து, என்ன எழுதுகிறீர்கள் என்று விசாரித்தார். அடுத்து, கேரோ பயந்துகொண்டிருந்த கேள்வி: எவ்வளவு காலமாக? ஐந்து வருடம் என்று கூசிக்கொண்டே சொன்னார். ஃபிளெக்ஸ்னர் அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. தன் வாஷிங்டனுக்கு ஒன்பது ஆண்டு ஆயிற்று என்றார். எலினார் ரூஸ்வெல்ட்டைப் பற்றி எழுதிய ஜோசப் லாஷும் அதே அறையில் இருந்தார். அவர் கணக்கு ஏழு. ஐந்து ஆண்டாக நாளிதழ் நண்பர்களின் பார்வையில் குற்றவாளியாக வாழ்ந்த ஒருவருக்கு அந்த இரண்டு எண்களும் என்ன செய்திருக்கும்! எந்த முன்வரைவிலும், ‘இந்த வேலை இயல்பாக எடுத்துக்கொள்ளும் காலம்’ என்றொரு பத்தி இல்லை.

ஒப்பந்தத்தின் மறுபாதிப் பணத்தைக் கேட்டபோது பதிப்பாசிரியர் கேரோவை மதிய உணவுக்கு அழைத்துப்போனார். நூல் எங்களுக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் ராபர்ட் மோசஸைப் பற்றி யார் படிக்கப்போகிறார்கள், மிகச் சிறிய அச்சாகத்தான் போட முடியும் என்றார். பணம் வரவில்லை. மோசஸ் 1968இல் அதிகாரத்தை இழந்திருந்தார். ‘ஏன் இப்போது’ என்ற கேள்விக்கு கேரோவிடம் நல்ல பதில் எதுவும் இருந்திருக்காது.

பிறகு அந்தப் பதிப்பாசிரியர் அங்கிருந்து வேறு வேலைக்குப் போனார். ஒப்பந்தத்திலிருந்து விடுபட வழி பிறந்தது. அப்போதுதான் கேரோ முகவர் தேடுகிறார். பரிந்துரைக்கப்பட்ட சில பெயர்களில் ஒருவர் லின் நெஸ்பிட், இளம் வயதுக்காரர். கையெழுத்துப் பிரதியைப் படித்தார், நேரில் பேசினார். உங்களுக்கு எதைப் பற்றிக் கவலை என்று அவர் கேட்க, நூலை முடிக்கும்வரை பிழைக்கப் பணம் கிடைக்குமா என்பதுதான் கவலை என்கிறார் கேரோ. அவ்வளவுதானா, அதற்கு நான் ஒரு தொலைபேசி அழைப்பு போட்டால் போதும், இந்த நூலைப் பற்றி இங்கே எல்லாருக்கும் தெரியும் என்றார் நெஸ்பிட். ஆண்டுக்கணக்கில் தனி அறையில் உட்கார்ந்திருந்த மனிதருக்குத் தன் நூல் ஊரில் பேசுபொருள் என்பதே தெரிந்திருக்கவில்லை.

நெஸ்பிட் அவரை நான்கு பதிப்பாசிரியர்களிடம் அனுப்பினார். மூவர் பகட்டான உணவகங்களுக்கு அழைத்துப்போய் உங்களைப் பெரிய ஆளாக்கிக் காட்டுகிறோம் என்றார்கள். நான்காமவர் க்னாஃப் பதிப்பகத்தின் ராபர்ட் காட்லீப். நான் வெளியே சாப்பிடப் போவதில்லை, வேண்டுமானால் என் மேசையிலேயே ஒரு சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டு பிரதியைப் பார்க்கலாம் என்றார். கேரோ அவரைத்தான் தேர்ந்தார். பத்து லட்சம் சொல்லுக்கு மேல் இருந்த பிரதியிலிருந்து ஏறத்தாழ மூன்றரை லட்சம் சொற்களை இருவரும் சண்டை போட்டுக்கொண்டே வெட்டினார்கள். மோசஸை எதிர்த்த ஜேன் ஜேகப்ஸ் பற்றிய அத்தியாயம் முழுசாகப் போயிற்று. அதற்குப் பின்னும் ஏழு லட்சம் சொற்கள். ‘தி பவர் புரோக்கர்’ 1974இல் வந்தது. அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு. ஐம்பதாண்டு கடந்தும் அச்சில் இருக்கிறது. யார் படிக்கப்போகிறார்கள் என்று சொல்லப்பட்ட நூல்.

அந்த நூலில் பலர் மறக்காத ஓர் அத்தியாயம் உண்டு. பிராங்க்ஸ் வழியாகப் போன விரைவுச்சாலையின் ஒரே ஒரு மைல், அதற்காக ஈஸ்ட் டிரெமாண்ட் பகுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 1,500 குடும்பங்கள். சில தெருக்கள் தள்ளிச் சாலையைத் திருப்பியிருந்தால் அத்தனை வீடுகளும் தப்பியிருக்கும். மோசஸின் அதிகாரத்தைப் பற்றி எழுதக் கிளம்பியவர், அந்த அதிகாரம் யார்மீது விழுந்ததோ அவர்களைப் பற்றியும் எழுதாவிட்டால் நூல் பாதிதான் என்று வழியில்தான் புரிந்துகொண்டார். இதை ஆரம்பத்திலேயே அத்தியாயச் சுருக்கத்தில் எழுதிக் கொடுத்திருக்க முடியாது. ஆய்வு செய்யும் முன் ஆய்வின் முடிவைக் கேட்பது முன்வரைவு என்ற வடிவத்தின் பிறவிக் குறை. அதை நன்றாக எழுதிவிட்டவருக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு: முன்வரைவில் சொன்னதையே கண்டுபிடித்துக்கொண்டு திரும்பி வருவார்.

இந்தக் கதையில் முகவர் செய்தது என்ன? பிரதி ஏற்கெனவே இருந்தது. நெஸ்பிட் எழுத்தாளருக்குக் காலத்தை வாங்கிக் கொடுத்தார். சரியான மேசையையும் காட்டினார். நூற்றுக்குப் பதினைந்து அதற்கான கூலி என்றால் அது மலிவுதான். இந்தத் தொழிலுக்கு நல்ல பெயர் இருந்ததில்லை. லண்டனில் 1870களில் ஏ. பி. வாட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் நூற்றுக்குப் பத்து கமிஷனுக்கு எழுத்தாளர்களின் சார்பில் பேரம் பேசத் தொடங்கியபோது பதிப்பாளர்கள் கொதித்தார்கள். வில்லியம் ஹைனெமன் முகவர்களை ஒட்டுண்ணிகள் என்றே ஏசினார். பதிப்பாளருக்கும் எழுத்தாளருக்கும் இடையே இருந்த கனவான் உறவைக் காசு கெடுத்துவிட்டது என்பது புலம்பல். அந்த உறவில் கனவானாக இருக்க வசதி யாருக்கு இருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

பதிப்பாசிரியர் மாறுவார், பதிப்பகம் இன்னொன்றோடு இணையும், முகவர் நிற்பார். இறந்த பின்னும் ஆய்வகங்களில் உயிரணுக்கள் வாழும் ஒரு பெண்ணைப் பற்றி ரெபெக்கா ஸ்க்லூட் பத்தாண்டுக்கு மேல் உழைத்து எழுதிய ‘ஹென்ரியெட்டா லேக்ஸின் அமர வாழ்வு’ 2010இல் வெளிவரும் முன் ஒன்றுக்கு மேற்பட்ட பதிப்பகங்களையும் பல பதிப்பாசிரியர்களையும் கடந்தது. ஒருவர் லேக்ஸ் குடும்பத்தாரை நூலிலிருந்து எடுத்துவிடச் சொன்னார். குடும்பம்தான் அந்த நூலின் உயிர். ஸ்க்லூட் மறுத்து வெளியேறியதால்தான் இன்றைக்கு அந்த நூல் அந்த நூலாக இருக்கிறது.

மறுபக்கமும் உண்டு. ஜேம்ஸ் ஃப்ரே தன் பிரதியை முதலில் நாவல் என்று சுற்றுக்கு விட்டார். பதிப்பகங்கள் வரிசையாக மறுத்தன. பிறகு அதுவே நினைவுக்குறிப்பு என்ற பெயரில் 2003இல் வந்து லட்சக்கணக்கில் விற்றது. 2006இல் அதிலிருந்த பொய்கள் அம்பலமாயின. முகவர் அவரைக் கைவிட்டார். எழுத்தாளர் புரட்டு செய்தார் என்பதில் ஐயமில்லை. ஆனால் உண்மைக் கதை என்ற முத்திரைக்குச் சந்தை கூடுதல் விலை வைத்ததும், வாங்கியவர்கள் சரிபார்க்காமல் வாங்கியதும் அந்தக் கணக்கில் சேர வேண்டியவை.

தமிழில் இந்த இடைத்தரகர் இல்லை. எழுத்தாளர் நேராகப் பதிப்பாளருக்குத் தொலைபேசியில் பேசுகிறார். பதிப்பாளர் கேட்கும் முதல் கேள்வி எத்தனை பக்கம் வரும் என்பது. சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் காட்சி 2023இல் தொடங்கிய பிறகு முகவர் என்ற சொல் இங்கேயும் காதில் விழுகிறது. அது பெரும்பாலும் எழுதி முடித்த நூல்களின் மொழிபெயர்ப்பு உரிமையை விற்கும் வேலை. அச்சாகாத நூலுக்குப் பணம் கேட்பது நமக்குப் புதிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, அச்சாகப்போகும் நூலை வாங்கிக்கொள்வதாக அன்பர்களிடம் கையொப்பம் வாங்கினார். இன்றைய முன்வெளியீட்டுத் திட்டங்களின் மூதாதை அது. ஆனால் அந்தப் பணம் தாளுக்கும் அச்சுக்கும்; ஆய்வுக்கான ஆண்டுகளுக்குக் கும்பகோணம் கல்லூரியின் சம்பளம்தான் துணை. மாணவப் பருவத்திலேயே வ.உ.சி.யைத் தேடத் தொடங்கிய ஆ. இரா. வேங்கடாசலபதி, பல பத்தாண்டுகள் கழித்து எழுதிய நூலுக்கு 2024ஆம் ஆண்டின் சாகித்திய அக்காதெமி விருது கிடைத்தது. அவருக்கும் ஓர் ஆய்வு நிறுவனத்தின் வேலை இருந்தது.

இப்படி வேலை இல்லாதவர் என்ன செய்கிறார்? ஞாயிற்றுக்கிழமைகளில் எழுதுகிறார், அல்லது ஓய்வூதியம் வரும்வரை தள்ளிப்போடுகிறார். அதனால் தமிழ் அபுனைவில் ஞாயிற்றுக்கிழமைகளுக்குள் அடங்கும் நூல்கள் மிகுதி: கட்டுரைத் தொகுப்பு, நினைவலைகள், தொடராக வந்து நூலானவை. சென்னையில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் சுருங்கியது எந்தெந்த மேசையில் எவரெவர் போட்ட கையெழுத்தால், அந்தக் கோப்புகள் இப்போது எங்கே, அங்கே முன்பு வாழ்ந்தவர்கள் எங்கே போனார்கள் என்று கேரோவின் பிடிவாதத்தோடு துருவிய ஒரு நூலைத் தமிழில் நான் படித்ததில்லை. எழுதக்கூடியவர்கள் இருக்கிறார்கள். அந்த வேலைக்கு நிருபரின் சம்பளத்தில் ஐந்தாறு ஆண்டுகள் வேண்டும், தகவல் உரிமைச் சட்ட மனுக்களின் மேல்முறையீடுகளுக்குக் காத்திருக்கும் பொறுமை வேண்டும், வழக்கு வந்தால் பக்கத்தில் நிற்க ஒரு வழக்கறிஞர் வேண்டும். ஆயிரம் பிரதி அச்சடிக்கும் ஒரு பதிப்பாளரிடம் இதைக் கேட்க முடியாது. அறக்கட்டளைகளிடமும் பல்கலைக்கழகங்களிடமும் கேட்கலாம். எழுத்தாளரே போய்க் கேட்டால் யாசகம் மாதிரி இருக்கும் என்று நம் ஆட்கள் கேட்பதில்லை. அவருக்காகப் போய், கூச்சப்படாமல், தொகையைச் சொல்லிக் கேட்க ஓர் ஆள் வேண்டும். நூற்றுக்குப் பதினைந்து எடுத்துக்கொள்ளட்டும்.